கூண்டு வண்டியில் திராட்சை நாட்டிற்கு

நம் பாட்டனார் காலத்தில் சித்திரைத் திருவிழாவுக்குப் புறப்படுவதென்றால் கூண்டு வண்டி கட்டுவார்கள். வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, குழந்தை குட்டிகளை உள்ளே ஏற்றி, புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் மூட்டையாய்க் கட்டி வைத்து, மாட்டின் மணியோசையோடு பயணம் தொடங்கும். ஊருணியும் ஆலமரமும் கண்ட இடத்தில் வண்டியை அவிழ்ப்பார்கள். அவ்வூர்க்காரர் ஒருவர் வந்து, "எந்த ஊர்?" என்று கேட்பார். பேச்சு வளரும், மோர் வரும். ஊர் போய்ச் சேர்வதைப் போலவே வழியில் தங்குவதும் பயணத்தின் ஒரு பகுதியாய் இருந்தது.

பிழைப்புத் தேடி வெளிமாநிலம் வந்து சேர்ந்த நமக்கோ பயணம் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருவதுதான். இங்கே ரயிலேறினால் இறங்குமிடம் சென்னை, மதுரை, நெல்லை. இடையில் இருப்பவை எல்லாம் சன்னல் வழியே ஓடி மறையும் பெயர்ப்பலகைகள். முப்பது ஆண்டுகள் ஒரு மாநிலத்தில் வாழ்ந்தும், அம்மாநிலத்து மக்கள் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பதை அறியாதவர் நம்மில் பலர். அவ்வரிசையில் எங்கள் குடும்பமும் இருந்தது. சென்ற பிப்ரவரித் திங்களில் மூன்று நாட்கள் நாசிக் திராட்சை நாட்டில் தங்கி வந்ததைப் பற்றி நம் இதழுக்கு எழுத முற்பட்டது, அவ்வரிசையிலிருந்து எங்கள் இல்லம் சிறிது விலகி வந்த கதையைச் சொல்வதற்காகவே.

சக்கரத்தின்மேல் ஒரு வீடு

ரயில்வே எழுத்தருக்குப் பாஸ் உண்டு. கல்யாணிலிருந்து நாசிக் ரோடு நிலையம் 134 கிலோமீட்டர். பகல் வண்டியில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். அப்படியிருக்கக் காசு கொடுத்து ஒரு மோட்டார் வண்டியை அமர்த்துவானேன் என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். காரணம் எங்கள் தாயாரின் முழங்கால். விடுதிப் படிக்கட்டு ஏற அவரால் இயலாது. வழியில் கழிவறை தேடி நடக்கவும் இயலாது. ஊருக்குக் கூடப் போகாமல் நான்கு ஆண்டுகளாக இரண்டு அறை வீட்டிற்குள்ளேயே இருந்தார்.

அப்போதுதான் கேரவன் வண்டியின் நினைவு வந்தது. சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பில் ஓய்வெடுக்கும் வண்டி என்றே நம்மவர் அதனை அறிவர். 2021-ல் மகாராஷ்டிர அரசு கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது. அவ்வகை வண்டிகள் ஓட்டுநரோடு வாடகைக்குக் கிடைக்கின்றன. படுக்கை, சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை எல்லாம் உள்ளேயே அடக்கம். இரண்டு தீபாவளிப் போனஸை ஒதுக்கி வைத்து ஒன்றை அமர்த்தினோம். தாயார் அதனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்க் கூண்டு வண்டிதான். மாட்டை மட்டும் காணோம்" என்றார். பதினொரு வயது மகளுக்கும் ஏழு வயது மகனுக்கும் அன்றிலிருந்து அதற்கு அதுவே பெயராயிற்று.

போகுமிடம் திராட்சை நாடு என்றதும் தாயார் மகிழ்ந்தார். அவர் பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கில். கம்பத்துப் பன்னீர்த் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே கொண்டுவந்து பயிரிட்டார் என்பர். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிறுமியாய் இருந்தபோது அத்தோட்டங்களில் கூலிக்குக் குலை வெட்டியவர் எங்கள் தாயார். ஆனால் நாசிக் திராட்சையில் ஒரு பங்கு மதுவாகிறது என்பதைப் பேத்தி பள்ளிப் பாடத்தில் படித்துச் சொல்லிவிட்டாள். தாயாரின் முகம் மாறிற்று.

"அந்த வாசலில் நான் காலெடுத்து வைக்க மாட்டேன் தம்பி. நீங்கள் போவதைத் தடுக்கவும் மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அதன் காரணத்தை இங்கே எழுத அவரிடமே சம்மதம் பெற்றோம். எங்கள் தந்தையார் இகத்புரியில் ரயில்வே கலாசியாய் இருந்தவர், உழைப்பாளி, குடியால் அழிந்தவர். 2005-ல் அவர் மறைந்தபோது நாங்கள் பத்தாம் வகுப்பு முடித்திருந்தோம். கருணை அடிப்படையில் கிடைத்த கடைநிலை வேலையில் தொடங்கி, இலாகாத் தேர்வு எழுதி, இன்று எழுத்தர் மேசைக்கு வந்திருக்கிறோம். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். எங்கள் தாயாருக்கு அது ஏட்டில் படித்த பாடம் அன்று.

இகத்புரியில் அரைமணி

கசாராவைத் தாண்டியதும் மலையேற்றம். சாலையின் ஓரமாய் ரயில் பாதையும் கூடவே ஏறுகிறது. தல் கணவாய் எனப்படும் இம்மலைப்பாதை 1865-ல் திறக்கப்பட்டது. 37 அடி முன்னே சென்றால் ஓர் அடி மேலே ஏற வேண்டும்; ஆதலின் இன்றும் கசாராவில் வண்டியின் பின்னே தள்ளுவதற்கு எஞ்சின்களை இணைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது தாயார் சன்னலை விட்டுத் திரும்பவேயில்லை.

இகத்புரி வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். பழைய குடியிருப்பின் பக்கம் போக வேண்டாம் என்றார். நிலையத்திற்கு வெளியே, பாதை தெரியும் ஓரிடத்தில் வண்டி நின்றது. பின்னால் தள்ளி வந்த எஞ்சின்கள் கழற்றப்படும் ஓசை கேட்டது. இல்லத்தரசி வண்டி அடுப்பில் தேநீர் போட்டுக் கொடுத்தாள். ஓட்டுநர் சூடான வடாபாவ் வாங்கி வந்தார். உருளைக்கிழங்குப் போண்டாவை ரொட்டியின் நடுவே வைத்து, பூண்டுப் பொடி தூவித் தரும் அதனைத் தாயார் அதுவரை தொட்டதில்லை. அன்று பாதியைப் பிட்டுத் தின்றார்.

"உங்கள் அப்பா முதல் சம்பளத்தில் இதைத்தான் வாங்கி வந்தார். நான் வேண்டாமென்று வைத்துவிட்டேன்" என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. வண்டி புறப்படும் சமயத்தில், "நீ அந்த இடத்துக்குப் போனால் உள்ளே என்ன செய்தாலும் என்னிடம் சொல்லிவிடு. அவர் குடித்ததைவிட ஒளித்ததுதான் முதலில் என்னை உடைத்தது" என்றார். சொல்வதாக வாக்களித்தோம்.

கம்பு வெந்த அடுப்பு

நாசிக் நகரத்துக்கு மேற்கே, கோதாவரியின் குறுக்கே கட்டிய கங்காப்பூர் அணைப் பக்கம், ஒரு விவசாயியின் தோட்டத்தில் வண்டியை நிறுத்த ஏற்பாடு செய்திருந்தோம். மின்சார இணைப்பும் தண்ணீரும் தருகிறார்கள்; வேண்டுமானால் வீட்டுச் சாப்பாடும் உண்டு. எங்கள் அலுவலக நண்பர் ஒருவர் பாஸில் ரயிலேறி, எங்களுக்கு முன்னரே வந்து கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார்! பாஸின் பெருமையை அன்று மாலை முழுவதும் கேட்க நேர்ந்தது.

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில் உள்ள நிலம் இது. பிப்ரவரியில் பகலில் வெயில், இரவில் குளிர். இந்த வேற்றுமைதான் பழத்தில் இனிப்பையும் புளிப்பையும் சேர்த்து நிறுத்துகிறது என்றார் தோட்டக்காரர். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும். அறுவடை ஆகஸ்டுக்குப் பின். இங்கே கொடி தூங்குவதில்லை. ஆதலின் மனிதன் கத்தரித்துத்தான் அதற்குக் காலம் காட்டுகிறான். ஏப்ரல் மாதத்தில் ஒருமுறை கத்தரித்துக் கிளை வளர்க்கிறார்கள். அக்டோபரில் மறுமுறை கத்தரித்துக் காய் பிடிக்க வைக்கிறார்கள். மழைக்குத் தப்பி, ஜனவரி முதல் மார்ச் வரை பழம் கைக்கு வருகிறது.

அவரிடம் இருவகைக் கொடிகளும் இருந்தன. தாம்ஸன் என்னும் விதையில்லாத உண்ணும் பழம் ஒருபுறம். மது ஆலைக்கு ஒப்பந்தப்படி தரும் பழம் மறுபுறம். முன்னதை அகலப் படரவிட்டு, குலையை நிழலில் வளர்க்கிறார்கள். பின்னதைக் கம்பி வேலியில் நேராக ஏற்றி வரிசை வரிசையாய் நிறுத்துகிறார்கள். மதுப் பழம் உருவில் சிறியது, தோல் தடித்தது, விதை உள்ளது. தாயார் ஒன்றை வாயிலிட்டு மென்று, விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். "நம்ம பன்னீரும் இப்படித்தான். விதையில்லாத பழத்தை நாங்கள் பழமென்றே எண்ணியதில்லை" என்றார்.

அன்றிரவுச் சாப்பாடு தோட்டக்கார அம்மாளின் அடுப்படியில். விறகடுப்பு, இரும்புத் தோசைக்கல். கம்பு மாவைச் சூடான நீர் விட்டுப் பிசைந்து, தாம்பாளத்தில் வைத்து உள்ளங்கையாலேயே தட்டித் தட்டி அகலமாக்கினார். கல்லில் இட்டு, மேற்பக்கத்தில் தண்ணீரைத் தடவி, திருப்பிப் போட்டு, கடைசியில் தணலில் காட்டியதும் அது பூரி போல் உப்பிற்று. இதுவே பாக்ரி. அதற்குத் துணை, கடலை மாவை நீரில் கரைத்துத் தாளித்துக் கிண்டிய பிட்லா. பச்சை மிளகாயும் பூண்டும் வேர்க்கடலையும் உப்பும் சேர்த்து நசுக்கிய தேச்சா. கையால் குத்தி உடைத்த பச்சை வெங்காயம். ஓர் உருண்டை வெண்ணெய்.

தாயார் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோட்டக்கார அம்மாள், "ஜேவா, மாவ்ஷி" என்று உபசரித்தார். சாப்பிடுங்கள் சித்தி என்பது அதன் பொருள். தாயார் ஒரு விள்ளலை வெண்ணெயில் தோய்த்து வாயிலிட்டார். உடனே எங்களை நோக்கி, "இது கம்பு அல்லவா!" என்றார்.

அவர் பிறந்த ஊரில் மழைக்குறைவான ஆண்டுகளில் கம்பங்கூழும் கம்பஞ்சோறும்தான் உணவு. இங்கே வந்தபின் பங்கீட்டு அரிசியும் இட்லியுமாய் வாழ்ந்து, கம்பை மறந்து போனார். "முப்பத்தேழு வருஷமாய் அடுத்த வீட்டில் தட்டுகிற ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அது கம்பு என்று ஒருநாள் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லையே" என்று தம்மைத் தாமே நொந்துகொண்டார். அன்று அவர் உண்டது இரண்டு பாக்ரி. வீட்டில் ஓர் இட்லிக்கு மேல் தொடாதவர்!

மகள்தான் இருவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர். தாயார் எதைக் கேட்டாலும் அவள் மராத்தியில் கேட்டாள், பதிலைத் தமிழாக்கினாள். இடையில் தாயார் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் பழம் மதுவாகிறதே, அது உங்களுக்கு உறுத்தவில்லையா என்பது கேள்வி. மகள் தயங்கினாள். கேட்கச் சொன்னோம்.

அந்த அம்மாள் தணலைத் தள்ளிக்கொண்டே விடை கூறினார். 2014-ல் பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும் ஆலங்கட்டி மழை பெய்தது. பழுத்து நின்ற குலைகளெல்லாம் ஒரே மாலையில் மண்ணோடு போயின. வாங்கிய கடன் மட்டும் நின்றது. உண்ணும் பழத்தின் விலை சந்தையில் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். மதுப் பழத்துக்கு ஒப்பந்த விலை இருப்பதால் ஒரு பகுதி நிலத்தை அதற்கு மாற்றினார்கள். அதில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். "எங்கள் வீட்டில் அதை யாரும் தொடுவதில்லை. தொட்டவர்களை இந்த ஊரிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் பழத்தை வெட்டும்போது எனக்குப் பழம்தான் தெரியும், மாவ்ஷி" என்றார்.

தாயார் பதில் சொல்லவில்லை. கை கழுவிய பின், அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார்.

தாயாரின் கத்தரிக்கோல்

மதுப் பழத்தை வெயில் ஏறுமுன் வெட்டிவிட வேண்டும். சூடேறிய பழம் ஆலைக்குப் போய்ச் சேருமுன்னரே புளிக்கத் தொடங்கிவிடும். ஆதலின் விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் ஆட்கள் வந்துவிட்டனர். கண் விழித்துப் பார்க்கையில் வண்டியில் தாயாரைக் காணோம். முதல் வரிசையில், கவிழ்த்த கூடையின்மேல் அமர்ந்து, கத்தரிக்கோலோடு இருந்தார்!

குலையை உள்ளங்கையில் ஏந்திக் காம்பை மட்டும் நறுக்கி, அழுகிய காயை நுனியால் தட்டிவிட்டு, பூச்சு கலையாமல் கூடையில் வைத்தார். பழத்தின்மேல் சாம்பல் போல் படர்ந்திருக்கும் அந்த மெழுகுப் பூச்சுக்குச் சேதம் வரக்கூடாதென்று பேரனுக்கும் சொல்லிக் கொடுத்தார். அருகில் வேலை செய்த பெண்கள் அவரைப் பார்த்துத் தம்முள் பேசிக்கொண்டனர். தோட்டக்காரர் வந்து, "இதை எங்கே கற்றீர்கள்?" என்று மகள் மூலம் கேட்டார். "கம்பத்தில். உங்களுக்கு முன்னாலேயே" என்றார் தாயார். எல்லோரும் சிரித்தார்கள்.

எங்களுக்குச் சிரிப்போடு வேறொன்றும் தோன்றியது. இத்தனை ஆண்டுகளில் நாங்கள் அறிந்த தாயார், மொழி தெரியாமல் கதவுக்குப் பின்னால் நின்றவர். கைத்தொழில் உள்ள ஒரு பெண்ணாக அவரை அன்றுதான் கண்டோம்.

மதுச்சாலையில்

அன்று பிற்பகல் நண்பரோடும் இல்லத்தரசியோடும் சூலா திராட்சைத் தோட்டத்துக்குச் சென்றோம். இதன் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் வேலை பார்த்த ராஜீவ் சாமந்த் என்பவர், வேலையை விட்டுக் குடும்ப நிலத்துக்குத் திரும்பினார். கலிபோர்னியாவில் கண்ட கொடிகள் இங்கேயும் வளரும் என்று துணிந்து பயிரிட்டார். 2000-ல் முதல் மது வெளிவந்தது. தாயார் சுலபாவின் பெயரைச் சுருக்கியே சூலா என்று வைத்தார். 2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சைப் பதனத் தொழிலுக்கெனக் கொள்கை வகுத்து வரிச்சலுகை தந்தது. நாசிக் மாவட்டத்து விஞ்சூரில் மதுத் தொழிற்பூங்கா அமைந்தது. பின்னர் பல ஆலைகள் தோன்றின. நாசிக் திராட்சைக்கும் நாசிக் பள்ளத்தாக்கு மதுவுக்கும் புவிசார் குறியீடு உண்டு.

சொன்ன சொற்படி தாயார் வண்டியை விட்டு இறங்கவில்லை; பிள்ளைகளும் அவரோடு இருந்தார்கள்.

உள்ளே ஒரு வழிகாட்டி எல்லாவற்றையும் விளக்கினார். வெள்ளை மதுவுக்குப் பழத்தைப் பிழிந்து, தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்க வைக்கிறார்கள். சிவப்பு மதுவுக்குத் தோலோடு சேர்த்தே புளிக்க வைக்கிறார்கள். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்குகின்றன. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்றுகிறது. நம் இட்லி மாவு பொங்குவதும் நுண்ணுயிரின் வேலைதானே! ஆனால் இட்லி மாவுக்கு வெதுவெதுப்பு வேண்டும்; வெள்ளை மதுவுக்கோ குளிர்ச்சி வேண்டும். அதற்கென எஃகுத் தொட்டிகளைச் சுற்றிக் குளிர்ந்த நீரை ஓடவிடுகிறார்கள். 750 மில்லி கொண்ட ஒரு புட்டிக்கு ஒரு கிலோவுக்கு மேல் பழம் செலவாகிறது. சிவப்பு மதுவில் சிலவற்றை ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். அப்பீப்பாய் அறையின் மணம் நம் ஊர் வெல்ல மண்டியையும் பழைய மர அலமாரியையும் ஒருங்கே நினைவூட்டியது.

இறுதியில் ருசி பார்க்கும் மேசை. கோப்பையில் இரண்டு மடக்கு ஊற்றி, நிறம் பார்த்து, முகர்ந்து, பின் அருந்தச் சொல்கிறார்கள். நண்பர் அவ்வாறே செய்து, முதலாவது எலுமிச்சைப் புல் போல் இருக்கிறதென்றும், இரண்டாவது நாவற்பழம் தின்றாற்போல் நாக்கைப் பிடிக்கிறதென்றும் கூறினார். நாங்கள் முகர்ந்து பார்த்துவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டோம். அருந்தியவரைக் குறைகூறும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அளவறிந்து அருந்தி எழுந்து போவோரையும் அங்கே கண்டோம். அளவு என்பது எல்லோருக்கும் வாய்க்கும் வரம் அன்று என்பதை எங்கள் வீடு அறியும், அவ்வளவே.

வண்டிக்குத் திரும்பியதும் தாயார், "என்ன பார்த்தாய்?" என்றார். தொட்டி முதல் பீப்பாய் வரை எல்லாம் சொன்னோம். கோப்பையை முகர்ந்ததையும் சொன்னோம். "என்ன வாசனை?" என்றார். பழுத்த கொய்யாவும் பச்சைப் புல்லும் கலந்தது போல் என்றோம். சிறிது யோசித்தார். "அவர் மேலே வந்த வாசனை அது இல்லை" என்றார். பெயர் வந்த காரணத்தையும் கூறியபோது, "பெற்றவள் பெயரை வைக்க வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்று கேட்டு அவரே சிரித்துவிட்டார். அவர் கணவரைப் பற்றிய பேச்சு சிரிப்பில் முடிந்தது எங்கள் நினைவில் அதுவே முதல் தடவை.

மிசளும் உலர்திராட்சையும்

மூன்றாம் நாள் காலைச் சிற்றுண்டி மிசள். நாசிக் சென்று மிசள் உண்ணாமல் வருவது, மதுரை சென்று இட்லி உண்ணாமல் வருவது போலாகும். நகருக்கு வெளியே மரநிழலில், விறகடுப்பில் சமைத்துத் தரும் தோட்டக் கடைகள் உள்ளன. மட்கி என்னும் சிறு பயறை முளைகட்டி வேகவைத்து, அதன்மேல் காராசேவு போன்ற மொறுமொறுப்புகளைத் தூவி, வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் சேர்த்து, பாவ் ரொட்டியோடு தருகிறார்கள். தனிக் கிண்ணத்தில் செக்கச்செவேலென எண்ணெய் மிதக்கும் குழம்பு வரும். வேண்டிய மட்டும் ஊற்றிக்கொள்ளலாம். மகன் துணிந்து ஊற்றிக் கண்ணீர் விட்டான், தயிர்தான் காப்பாற்றியது. தாயார், "மசாலாவை வறுத்த பக்குவம் நம் வறுத்தரைத்த குழம்புக்குச் சளைத்ததன்று" என்று தீர்ப்பளித்தார்.

வழியில் உலர்திராட்சைக் கொட்டகை ஒன்றையும் கண்டோம். குலைகளைப் பொட்டாசியம் கார்பனேட்டும் ஒருவகை எண்ணெயும் கலந்த நீரில் முக்கி, நிழலில் கம்பி வலைத் தட்டுகளில் பரப்புகிறார்கள். தோலின் மெழுகு கரைந்து ஈரம் விரைவில் வெளியேறுகிறது. இரண்டு வாரத்தில் உலர்ந்துவிடும். நான்கு கிலோ பழம் சுமார் ஒரு கிலோ உலர்திராட்சையாகிறது. பொங்கலில் நாம் போடும் முந்திரி, திராட்சையில் அந்தத் திராட்சை எப்படி வருகிறதென்பதைப் பிள்ளைகள் அன்றுதான் அறிந்தார்கள். ஊருக்கும் அண்டை வீட்டாருக்குமாக இரண்டு கிலோவும், நாசிக் சிவ்டா என்னும் கார அவலும் வாங்கிக்கொண்டோம்.

குகையில் ஒரு யவனன்

புறப்படுமுன் பாண்டவலேணிக் குகைகளுக்குச் சென்றோம். குன்றின்மேல் 24 பௌத்தக் குகைகள். சாதவாகனர் காலத்துக் கல்வெட்டுகள் நிறைந்தவை. தாயாரால் படியேற இயலாது. கீழேயே வண்டியில் இருந்தார். மேலே 17-ஆம் குகையை அமைத்தளித்தவன் இந்திராக்கினிதத்தன் என்னும் யவனன் என்று கல்வெட்டு கூறுகிறது. யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறலைப் பற்றிப் புறநானூற்றில் குறிப்பு உண்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் நடத்திய அகழாய்வில், மேலை நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. தமிழகத்துத் துறைக்கு மது கொண்டுவந்த அதே இனத்தான் ஒருவன் நாசிக்கின் மலையில் துறவிகளுக்கு இடம் குடைந்து தந்திருக்கிறான்! தொலைவிலிருந்து பிழைக்க வந்தவன், வந்த ஊருக்கு எதையாவது செய்துவிட்டுப் போவது பழைய வழக்கமே என எண்ணிக்கொண்டே இறங்கினோம்.

கீழே வந்தால், தாயார் வண்டி வாசலில் உட்கார்ந்து, வெள்ளரிக்காய் விற்கும் கிழவி ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்கப் பேத்தி அருகில் இல்லை. "ஜேவலாத் கா?" என்று அவர் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. சாப்பிட்டீர்களா என்று பொருள். தமிழர் வீட்டு வாசலில் முதலில் கேட்கும் கேள்வியே மராத்தியர் வீட்டு வாசலிலும் முதற் கேள்வி என்பதை அவர் எப்படியோ பிடித்துக்கொண்டார்.

அன்பர்களுக்குச் சில சொற்கள்

போக விரும்புவோர் ஜனவரிக் கடைசி முதல் மார்ச் தொடக்கத்திற்குள் செல்லுங்கள். அப்போதுதான் பழம் கொடியில் இருக்கும். கேரவன் அமர்த்துவதானால், இரவு நிறுத்துமிடத்தில் மின்சாரமும் நல்ல தண்ணீரும் கழிவுநீர் அகற்ற வழியும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். செலவு மிகுதி என்போர் நாசிக் ரோடு வரை ரயிலில் சென்று, தோட்ட வீடுகளில் தங்கலாம். எங்கள் நண்பர் அவ்வாறே செய்து, இன்றும் அலுவலகத்தில் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தோட்டத்தில் கேளாமல் குலையைத் தொடாதீர்கள். அண்மையில் மருந்து தெளித்த கொடியாய் இருக்கலாம். ருசி மேசைக்குச் செல்வோர் வண்டி ஓட்டாதீர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டிலுள்ள முதியவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நமக்குப் புதியதாய்த் தோன்றும் ஊர் அவர்களுக்குப் பழையதாய் இருக்கக்கூடும்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, தாயார் உலர்திராட்சைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு நடைபாதையைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். பதினாறு ஆண்டுகளாக அவ்வீட்டாரும் நாங்களும் புன்னகையோடு நின்றுவிட்டவர்கள். ஒருமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு கிண்ணம் கம்பு மாவு இருந்தது. "தண்ணீர் கொதிக்க வேண்டுமாம். நான் வெதுவெதுப்பாய் விட்டதால்தான் நேற்று விரிந்து போயிற்று" என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார்.

இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டிலும் அந்தத் தட்டும் ஓசை கேட்கிறது.